முந்திக்கொண்ட பெட்டி

"ரூம் ஒண்ணுகூட இல்லைங்குது தம்பி! மறுபடியும் போச்சு!"

காலை ஏழு மணிக்குக் கொடைக்கானலில் எழுந்த அந்த அலறல், போன் இல்லாமலே பண்ணைக்காடு வரைக்கும் கேட்டிருக்கும். அலறியவர் தங்கும் விடுதி நடத்தும் தனசேகர். கேட்டவன், அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்த பண்ணைக்காட்டு அருண்பாண்டியன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. சீசன் நேரத்துல வர்றவன்லாம் அடுத்த லாட்ஜுக்குப் போறான். வெரசா வாங்க. இது மூணாவது தடவை, இன்னிக்கு ஒரு முடிவு கட்டிருவோம்."

வீட்டில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால், "நேர்ல பார்த்தாத்தான் சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். தனசேகருக்குத் தேவகுமாரி என்று ஒரு மகள் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

கோளாறு சின்னதுதான். அந்த வெப்சைட்டில் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் அறைக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டிகள். சின்னவை முதலில் தயாராகி நிற்க வேண்டும். அப்புறம் பெரியது விழித்து அவற்றை எண்ண வேண்டும். பெரியது முந்திக்கொண்டால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது, 'அறை இல்லை' என்று காட்டிவிடும். யார் முதலில் என்பதை முடிவு செய்வது புரோகிராமில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டே வரிகள்.

"வேன்ல ஆளு ஏறுமுன்னாடியே கைடு தலையை எண்ணுனா சைபர்தானங்க வரும்?" என்று சென்ற முறை திரையில் அந்த வரிகளைக் காட்டி அவன் விளக்கியபோது, தேவகுமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். தனசேகர் பின்னால் குரங்குக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இன்று விடுதி வாசலில் பைக்கை நிறுத்த இடமில்லை. வெளியூர்க் கார்கள் நெருக்கியடித்து நின்றன. பூச்செடி ஓரமாகச் சொருகிவிட்டு உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வரிகளும் இடம் மாறிக் கிடந்தன.

முதல் இரண்டு தடவை அவற்றை மாற்றி வைத்தது அவனேதான். அந்தச் சாக்கிலாவது தேவகுமாரி கையால் ஒரு காபி கிடைக்குமே என்ற ஆசை. ஆனால் இந்த முறை அவன் தொடவில்லை. சத்தியமாக.

அப்படியென்றால்? போட்டோ மாற்றுவதற்காக அவன் கொடுத்த பாஸ்வேர்டு அவள் போனில் இருக்கிறது. அவனுக்குக் காது மடல் சூடேறியது. அட, அவளுக்கும் இந்த யோசனை தோன்றியிருக்கிறதே!

"என்ன, கண்டுபிடிச்சீங்களா?" தனசேகர் எதிரே வந்து உட்கார்ந்தார். "யாரோ கை வச்சிருக்காங்கன்னு நெனைக்கிறேன். யாருன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு! திண்டுக்கல்லுல ஒருத்தர் இந்த வேலையைக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

வேலை போனால் இந்த வாசற்படியும் போச்சு. அதற்காக அவளைக் காட்டிக்கொடுக்க முடியுமா? அருண்பாண்டியன் லேப்டாப்பை மூடினான்.

"நான்தான் சார் மாத்துனேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்தான் சார்."

அந்த நேரம் பார்த்துத் தேவகுமாரி தோளில் பையோடு வாசலில் நுழைந்தாள்.

"அப்பா, பழனி பஸ்ல நிக்கக்கூட எடமில்ல. போனை வேற இங்கயே மறந்துட்டுப் போயிட்டேனா, சித்தி வீட்டுல ரெண்டு நாளும் கையொடிஞ்ச மாதிரி ஆயிருச்சு..." அவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "ஐயோ, மறுபடியும் போச்சா?"

அந்த 'ஐயோ'வில் கவலையைத் தேடினாலும் கிடைக்காது.

அருண்பாண்டியனுக்குத்தான் முகம் வெளுத்தது. இரண்டு நாளாக இவள் ஊரிலேயே இல்லை. அப்படியென்றால் வரிகளை மாற்றியது யார்?

தனசேகர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பையை வச்சுட்டுத் தம்பிக்கு ஒரு காபி கொண்டா" என்று மகளை உள்ளே அனுப்பிவிட்டு, குரங்குக் குல்லாயை நிதானமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மொத ரெண்டு தடவை நீங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும். நேத்து ராத்திரி ரூம் பூராவும் நெறஞ்சிருச்சு, இனி நட்டமில்லேன்னு பாப்பா போன்ல பாஸ்வேர்டைப் பார்த்து, நீங்க அன்னிக்குக் காட்டுன வரியை நான்தான் மாத்தி வச்சேன்" என்றார். "கம்ப்யூட்டர்ல சின்னவங்க முந்தட்டும் தம்பி, கல்யாணத்துக்குப் பெரியவங்கதான் முந்தணும். உங்க அப்பா அம்மாவை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"