இருக்கை ஒன்று, கார் இரண்டு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்தப் பெட்ரோல் பங்கின் காற்றடிக்கும் மூலையில் இரண்டு கார்கள் அருகருகே வந்து நிற்கும். மகுடபதியும் சௌதாமினியும் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. வார இறுதியை அப்பாவோடு கழித்த மூன்று வயது நிலானி இங்கேதான் அம்மாவின் காருக்கு மாறுவாள். காரின் பின்சீட்டில் பெல்ட்டால் கட்டும் அவளுடைய குழந்தை இருக்கையும் கூடவே மாறும்.

வாங்கியபோதே கடைக்காரர் சொல்லியிருந்தார்: ஒருவர் முழங்காலை ஊன்றி அழுத்த வேண்டும், இன்னொருவர் பெல்ட்டை இழுக்க வேண்டும், அப்போதுதான் இருக்கை அசையாது. மற்ற எல்லாவற்றையும் இருவரும் தனித்தனியாகச் செய்யப் பழகிவிட்டார்கள். இதற்கு மட்டும் அவன் அழுத்துகிறான், அவள் இழுக்கிறாள். தலைகள் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

"ஆளுக்கு ஒண்ணு வாங்கிப்போட்டா இந்தப் பாடு வேண்டாமுங்களே?" என்று காற்றடிப்பவர் ஒருமுறை கேட்டார்.

"வாங்கணுங்ணா," என்றாள் சௌதாமினி.

"பாத்துட்டுத்தானுங்க இருக்கேன்," என்றான் மகுடபதி.

இன்று பெல்ட் ஒரே இழுப்பில் இறுகிவிட்டது. அவன் முழங்காலை எடுத்தான். நிலானி வெளியே நின்று காற்றுக் குழாயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சௌதாமினி இருக்கையை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினாள். இருக்கை அசையவில்லை, கார்தான் குலுங்கியது.

"ஆடுதா?" என்று கேட்டான்.

அவள் இன்னொரு முறை உலுக்கினாள். கார் மறுபடியும் குலுங்கியது.

"கொஞ்சம் ஆடுது," என்றாள்.

அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "ஆமா," என்று சொல்லி பெல்ட்டை அவனே கழற்றிவிட்டு, மறுபடி முழங்காலை ஊன்றினான்.