குருட்டாம்போக்கு

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கவாட்டில் வந்த டீக்காரரை மகள் அக்ஷதா இடித்துவிட்டதும் ஜெயராம் கத்திவிட்டார்.

கொஞ்ச நாளாக இதே கதைதான். வீட்டில் பால் டம்ளரைத் தட்டிவிடுகிறாள். மாரெட்பள்ளி தெருமுனையில் ஸ்கூட்டர் மேலேயே போய் விழப் பார்த்தாள். திமிர், வேறென்ன? அம்மாக்காரி வித்யாலட்சுமியும் இப்போதெல்லாம் வெயில் வந்த பிறகுதான் எழுந்திருக்கிறாள். வீடே சோம்பேறி மடமாகிவிட்டது என்று அவருக்குக் கடுப்பு.

அக்ஷதாவுக்கு வலிப்பு, பெரும்பாலும் ராத்திரித் தூக்கத்தில். எத்தனையோ மாத்திரைக்கு அடங்காதது, புது மாத்திரைக்கு அடங்கியது. ஆனால் அது ஓரப் பார்வையைக் கெடுக்கலாம் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை கண் டெஸ்ட். மெஷினுக்குள் நேராகப் பார்த்தபடி, ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும்.

ஜெயராம் என்ட்ரன்ஸ் கோச்சிங் வாத்தியார். "குருட்டாம்போக்குல அடி, ஆனா காலியா விடாதே" என்பது அவர் வகுப்பில் தினமும் ஒலிக்கும் மந்திரம். போன தடவை டெஸ்ட் நன்றாக வந்ததற்கு ஸ்டாஃப் ரூமில் ஸ்வீட்டே கொடுத்தார்.

இன்று டாக்டர் சுபாஸ்ரீயின் முகம் சரியில்லை.

"நடுநடுவுல மெஷின் வெளிச்சமே காட்டாது சார், சோதிக்கறதுக்காக. அதுக்கும் அமுக்கியிருக்கா. எல்லாமே குருட்டாம்போக்கு."

ஜெயராமுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பட்டன் இல்லாத வேறொரு ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டதாக டாக்டர் சொன்னார். "ஓரப் பார்வை போக ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்பி வராது. இனிமேலாவது காப்பாத்தணும், மாத்திரைய மாத்தியாகணும்."

டீக்காரர், டம்ளர், ஸ்கூட்டர் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பயம் அப்படியே கோபமாகத் திரும்பியது.

"இதுல என்ன ராங்க் வாங்கப் போற? கண்ணு போகுதுன்னு தெரிஞ்சும் மார்க்குக்காகவா அமுக்கின?"

"மார்க்கெல்லாம் நக்கோப்பா, வேணாம். டெஸ்ட் சரியில்லன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. ஃபிட்ஸ் திரும்ப வந்துடும்."

"வந்தா டாக்டர் பாத்துக்க மாட்டாங்களா? நீ ஏன் மறைச்ச?"

அக்ஷதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த மாத்திரை வந்தப்புறம்தாம்ப்பா, அம்மா முந்தானைய என் கையோட முடிச்சுப் போடாம தூங்கறாங்க."