மூப்பர் வீட்டுக் கூடை

உள்ளே போகும்போதும் பாப்பம்மாவின் மடி கனத்திருந்தது. வெளியே வரும்போதும் கனத்திருந்தது. சபை மூப்பர் நாராயணப்பனுக்கு அது போதும். ராகி கொட்டுகிற அறையிலிருந்து மடி நிறையத் திரும்பி வருகிறவளுக்கு ஊரில் ஒரே பேர்தான் உண்டு.

பாகலூர்ப் பக்கத்தில் இருந்த அந்தச் சபையில் ஒரு வழக்கம். வீட்டில் மாவரைக்க ராகி எடுக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன், கோயிலின் பக்கத்து அறையில் இருக்கும் பெரிய பானையில் அதைக் கொட்டிவிடுவார்கள். மிஷன் விடுதியில் வளர்கிற அநாதைப் பிள்ளைகளுக்கு அதுதான் களி.

நாராயணப்பன் மட்டும் பானையில் கொட்டமாட்டார். கண்ட கூலிக்காரன் பிடியோடு தன் ராகியும் கலந்துவிட்டால், கொடுத்தது யாரென்று ஆண்டவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே அவருக்கென்று தனிக் கூடை, விளிம்பில் அடையாளமாகச் சிவப்புத் துணி. வாரம் ஒரு படி ராகி அவருடைய குழியிலிருந்து வந்து அதில் விழும். ரேஷன் காலத்தில் தாசில்தார் ஆட்கள் கண்ணில் படாமல் மண்ணுக்குள் இறக்கி மூடிய ராகி அது. ரேஷன் நீங்கி விலையும் விழுந்தபின் சந்தையில் அதைச் சீந்துவாரில்லை. மனுஷர் அன்றிலிருந்து தாராளப் பிரபு ஆகிவிட்டார்.

அதற்குப் பலனும் கிடைத்தது. விடுதியில் சமைக்கிற ஜோதியம்மாள் போன மாதம் சபை நடுவே எழுந்து சொன்னாள்: "மூப்பர் கூடை ராகின்னாதான் புள்ளைங்க இன்னொரு உருண்டை கேக்குதுங்க. நேத்து களத்துல அடிச்சாப்ல அப்படி ஒரு வாசன."

நாராயணப்பன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார், எல்லோரும் பார்க்கும்படியாக. ஆண்டவர் காரியத்துக்கென்று கொடுத்தால் பழசும் புதுசாகும் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டார். வருகிற அறுப்பின் பண்டிகையில் அவருக்கு மாலை போடுவதாகவும் பேச்சு.

இந்த நேரத்தில்தானா இந்தப் பாப்பம்மா வந்து வாய்க்க வேண்டும்? கொஞ்சம் மானாவாரிக் காடும் நாலைந்து கோழியும் தவிர நாதியில்லாத ஒண்டிக்கட்டை. விடுதி முற்றம் கூட்டுகிற வேலைகூடச் சபை பார்த்துப் போட்ட பிச்சை. சாப்பிட்ட இலையிலேயே துப்புகிற ஜாதி! பல ஞாயிறுகளாகப் பார்த்து வைத்திருந்தவர், இன்று அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏய், நில்லு. மடியில என்னா?"

பாப்பம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. "ஒண்ணுமில்லீங்க மூப்பரே. வழி வுடுங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா வயித்தப் புடிச்சிக்கினு நடக்கற? அநாதப் புள்ளைங்க வாயில மண்ணப் போட்டுத் தின்னா உனக்குச் செரிக்குமா?"

ஆராதனைக்கு வந்த சனம் கூடிவிட்டது. போதகர் அங்கியைப் பாதி மாட்டியபடியே ஓடிவந்தார். பாப்பம்மா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அய்யா, ஒங்ககிட்ட தனியா சொல்லிடறனுங்க. இங்க வேணாம்."

"தனியா என்னாத்தச் சொல்றது?" என்றார் நாராயணப்பன். "திருடிக்குச் சபையில எடமில்ல. இன்னியோட விடுதி வாசப்படியும் மிதிக்கக்கூடாது. ஜோதியம்மா, அவ மடிய அவுத்துப் பாரு."

ஜோதியம்மாள் தயங்கித் தயங்கி முடிச்சை அவிழ்த்தாள். ராகி சரசரவென்று தரையில் கொட்டியது. கூட்டத்தில் யாரோ 'சீ' என்றார்கள். பாப்பம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

நாராயணப்பன் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். எப்போதோ மழைத் தண்ணீர் இறங்கிய குழியின் பூஞ்சை நாற்றம். அந்த நாற்றம் ஊரிலேயே அவர் குழிக்கு மட்டும்தான் சொந்தம். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"மோந்து பாருங்க அய்யா. எங்குழி ராகி. காலையில எங்கையால அளந்து கொட்டனது. ஆண்டவர் மேல ஆணையா இது என்னுதுதான்."

போதகர் மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். ஜோதியம்மாள் விடுவிடுவென்று அறைக்குள் போய், சிவப்புத் துணிக் கூடையைத் தூக்கிவந்து எல்லோர் நடுவிலும் வைத்தாள். கூடையில் ராகி நிறைந்திருந்தது. கல் மண் இல்லாமல் புடைத்த, வைக்கோல் வாசனை போகாத புது ராகி.

"அது ஒங்க ராகின்னா, ஒங்க கூடையில இருக்கிற இது யாருது மூப்பரே?"

பாப்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள், யாரும் தன்னைப் பார்க்கக்கூடாது என்பதுபோல.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றார் போதகர்.

"சொன்னா மூப்பருக்குத் தலகுனிவுங்க. வுட்டா புள்ளைங்க வயித்துக்கு ஆவாது. அதான் எங்காட்டு ராகியக் கொட்டிட்டு, இத மடியில வாரிக்கினு போயிடறது."

மாலை கைநழுவிப் போவது நாராயணப்பனுக்குத் தெரிந்தது. கடைசியாக ஒருமுறை எகிறிப் பார்த்தார். "வாரிக்கினு போயி என்னா பண்ண? நீதான தின்ன? என் ராகியத் தின்னுதான உசிர் வளத்த?"

பாப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"கோழிக்குப் போட்டனுங்க. அதுங்களும் தொடல."