கண் பார்த்த கப்பல்

கிரேக்கக் கடலோரக் குகை ஒன்றில் மூன்று சகோதரி தேவதைகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே கண், ஒரே பல். முறை வைத்து மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு காலையில் கண் மூத்தவளிடம் இருந்தது. "அடியே, கப்பல்டி! சிவப்புப் பாய்!" என்று குதித்தாள்.

"குடு, குடு!" தங்கைகள் இருவரும் பாய்ந்தார்கள். இழுபறியில் கண் மணலில் உருண்டது. தடவித் தேடியெடுத்துக் கடைக்குட்டி மாட்டிக்கொண்டபோது கடல் காலி.

"கப்பலாம் கப்பல்! அக்கா நல்லாப் புளுகுறா" என்றாள்.

கண்ணுக்குப் பொறுக்கவில்லை. "சத்தியமா வந்துச்சு, நான் பார்த்தேன்!" என்று பல்லிடம் புலம்பியது.

மூன்றாம் நாள் கப்பல் மறுபடி வந்தது. இன்னும் பக்கத்தில்! அன்று கண்ணும் பல்லும் கடைக்குட்டியிடம்தான்.

"என்னடி தெரியுது?" என்று கேட்டாள் மூத்தவள்.

"ஒண்ணுமில்லக்கா."

கண் துடித்தது. "பொய் சொல்றா! பல்லே, நீ வாயிலதானே இருக்க? கத்தேன்!"

"எப்படிக் கத்துறது? சந்தோஷத்துல சத்தம் வந்துடக் கூடாதுன்னு, என்னை வெச்சுத்தான் உதட்டைக் கடிச்சுக்கிட்டிருக்கா" என்றது பல்.