ஒரு போனுக்குப் பதினாலு ‘ஆக்சுவலி’

“நேத்து ஒரே ஒரு போன் கால்ல பதினாலு ‘ஆக்சுவலி’! உட்கார்ந்து எண்ணினேன்” என்றார் மேனேஜர்.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. எதிரே தலைகுனிந்து நின்ற, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இன்றோடு ஆறு மாதம் முடிகிறது. வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று மேனேஜர் இன்றைக்கே தலைமை ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும்.

“ஆக்சுவலின்னா என்னம்மா அர்த்தம்?”

“ஆக்சுவலி சார்... ‘உண்மையில’ன்னு அர்த்தம்.”

“ஃபிரிட்ஜ் குளிரலைன்னு கத்தறவன்கிட்ட, ‘ஆக்சுவலி உங்க பேர் என்ன’ன்னு கேக்கறே. அவன் என்ன பொய்ப் பேரா வச்சிருக்கான்?”

பக்கத்து சீட்டு சீனியர் அம்மாள் குறுக்கே வந்தார்.

“ஆக்சுவலி சார், நாங்க எல்லாருமேதான்...”

“பாத்தீங்களா! பத்து வருஷமா உங்க வாயில வராத வார்த்தை. இவளைத் திருத்துவீங்கன்னு பக்கத்துல உட்கார வச்சா, ஜலதோஷம் மாதிரி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சே!”



மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இதோ பாரும்மா. அந்த வார்த்தை இல்லாம ஒரே ஒரு கால் பேசிடு. வேலை உனக்குத்தான்.”

போன் அடித்தது. எடுத்தாள்.

“வ... வ...”

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

“வ...”

எதிர்முனையில் யாரோ “ஹலோ, ஹலோ” என்று அலுத்துக்கொண்டார்கள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

சீனியர் மேனேஜரின் காதருகே குனிந்தார். “அவளுக்குத் திக்கும் சார். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சு ஏறிட்டான்னா, அப்புறம் தங்குதடையில்லாம பேசிருவா. அவ மட்டும் சொன்னா கேலி பண்ணுவாங்களேன்னுதான் நானும் ஆரம்பிச்சேன்.”

“ஆக்சுவலி வணக்கம் சார், சர்வீஸ் சென்டர்லேருந்து பேசறேன். உங்க புகாரைச் சொல்லுங்க.”

மடை திறந்த மாதிரி வந்தது அவள் குரல்.

மேனேஜர் எழுந்து தன் அறைக்குப் போனார். அங்கே அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது. தலைமை ஆபீஸ்.

“என்னய்யா, உங்க கிளையில ஆளாளுக்கு ஆக்சுவலி போடறாங்கன்னு புகார் வருது? புதுசா சேர்ந்த அந்தப் பொண்ணு ஆரம்பிச்சு வச்சதாமே. அனுப்பிடலாமா?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஆக்சுவலி சார்... அதை ஆரம்பிச்சு வச்சதே நான்தான்.”