மூன்றாவது கம்ப்யூட்டர்

பிள்ளையார்பாளையத்தில் ஜீவிதா வீட்டு இரண்டு கம்ப்யூட்டரிலும் கொஞ்ச நாளாகவே பகலில் இன்டர்நெட் நகரவே இல்லை. புடவை டிசைன்களை மெயிலில் அனுப்ப முடியாமல், பழுது பார்க்கும் தர்மனை வரவழைத்தாள்.

வைஃபையைச் சோதித்தவன் நிமிர்ந்தான். “மூணாவதா ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கினு இருக்குதுக்கா.”

“வீட்ல இருக்கறதே ரெண்டுதான்பா. பக்கத்து வீட்டுக்காரங்களா?”

“பேரு கஜேந்திரன்னு காட்டுது.”

“அது எங்க வீட்டுக்காரர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போற லேப்டாப்பு…” ஜீவிதா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். “இந்த சிக்னல் எவ்ளோ தூரம் போகும்?”

“மிஞ்சிப் போனா மொட்டை மாடி வரைக்கும்.”

அவள் வெளிப்படியில் ஏறினாள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மடியில் லேப்டாப்போடு கஜேந்திரன் உட்கார்ந்திருந்தான். காலை ரயிலில் சென்னை ஆபீசுக்குப் போகிறவனுக்கு அவள் கட்டிக்கொடுத்த சாப்பாடு, பக்கத்தில் திறக்காமல் இருந்தது.

“வேலை போயி மூணு மாசம் ஆவுது ஜீவி,” என்றான், திரையைப் பார்த்தபடியே. “தினம் அப்ளிகேஷன் போட்டுக்கினுதான் இருக்கேன்.”

அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இறங்கி வந்தாள்.

“அந்த லேப்டாப்ப கட் பண்ணிடட்டுமாக்கா?” என்றான் தர்மன்.

“வேணாம்பா. மாடியில இன்னும் நல்லா கெடைக்கிற மாதிரி பண்ணிக் குடு.”