வாசலில் மாமனார்

"மூடு! மூடு! பாசிக் கம்பெனியை இழுத்து மூடு!"

வாசலில் எழுந்த கோஷத்தில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பஸ்ஸில் கடைசி சீட் வரை கேட்க வேண்டுமே என்று ஆயுசு பூரா கத்திப் பழகிய கண்டக்டர் குரல்.

அவளுடைய மாமனாரின் குரல்.

ஆய்வகத்துக்குள் அவள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

"உங்க மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கப் போகுது. வெந்நீர் கொடுத்தனுப்பலாமா?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

ஆய்வகத் தலைவி சிரிக்கவில்லை. அவளை ஜன்னலுக்கு அழைத்துப் போனார்.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், தெருவை ஒட்டி, ஆளுயரக் கண்ணாடிக் குழாய்கள் வெயிலில் வரிசையாக நின்றன. உள்ளே பச்சைப் பசேலென்று பாசி. மரபணுவை மாற்றி, வெயிலைக் குடித்து எண்ணெய் சுரக்கும்படி அவர்கள் வளர்த்த பாசி. பூமியைத் தோண்டாமல் கிடைத்த அந்த எண்ணெயில், போன வாரம்தான் முதல் விளக்கு எரிந்தது. அன்றைக்கு அவள் அழுதேவிட்டாள்.

"ஒரு குழாய் உடைஞ்சு, ஒரு சொட்டு சாக்கடைக்குப் போனாக்கூட நம்ம அனுமதி ரத்து. எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீயாவது அவர்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டேன் மேடம். காதுலயே போட்டுக்க மாட்டேங்கறார்."

பொய்யில்லை. நேற்றுச் சாப்பிடும்போதுகூடக் கேட்டாள்.

"மாமா, அந்தப் பாசி விஷமில்லைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ சொன்னேம்மா. எனக்குத்தான் புரியலை. ஊர்க்காரங்களுக்கும் புரியலை. பயந்துபோய்க் கிடக்காங்க. அவங்க பயத்தைச் சொல்ல ஒரு ஆள் வேணாமா? அந்த உப்பை இப்படித் தள்ளு."

"அதுக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா? உங்களைத்தான் போராட்டத்துக்குத் தலைவரா போடணுமா?"

"யாரு போட்டா? நானா போய்க் கேட்டு வாங்கினேன்."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

வெளியே சத்தம் திடீரென்று மாறியது. ஜன்னலில் நின்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

பக்கத்துத் தெருக் குழந்தைக்குக் காய்ச்சலாம். பாசித் தண்ணீர்தான் காரணம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. அட்டை பிடித்த கைகளில் இப்போது கற்கள்.

தலைவி போலீசுக்கு போன் போட்டார். வந்துகொண்டிருக்கிறார்களாம்.

வேலி ஓரமாக ஒருவன் கையை ஓங்கினான்.

மாமனார் அவன் எதிரே போய் நின்றார். "மூடு! மூடு!"

ஓங்கிய கை இறங்கியது.

அந்தக் கோடியில் இன்னொரு கை உயர்ந்தது. மூச்சிரைக்க அங்கே ஓடினார். "இழுத்து மூடு!"

"தலைவரே, தள்ளுங்க!"

"தள்ளுறதுக்கு நான் என்ன பிரேக்டவுன் ஆன பஸ்ஸா? கோஷம் போடுடா!"

கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு. அதற்குள் நடுவில் ஒரு கை. அங்கேயும் ஓடினார். எங்கே கல் உயர்ந்தாலும், கல்லுக்கும் குழாய்க்கும் நடுவில் அந்த வழுக்கைத் தலை வந்து நின்றது.

போலீஸ் வண்டி வந்ததும் கூட்டம் கலைந்தது. ஒரு குழாயில்கூடக் கீறல் இல்லை.

அவள் தண்ணீர் பாட்டிலோடு வெளியே ஓடினாள். மாமனார் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா... இதுக்காகவா தலைவரானீங்க? எதுக்கு இவ்வளவு பாடு? 'என் மருமக உள்ளே இருக்கா, எறியாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதா?"

அவர் பாட்டிலைப் பாதி காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை கூட்டத்தைப் பார்த்தவன்மா நான்! மருமகளுக்காகக் கெஞ்சுற மாமனாருக்கும் சேர்த்துத்தான் கல்லு விழும். தங்களுக்காகக் கத்துறவன் மேல எவனும் எறிய மாட்டான்."